வாட்டிய நூடில்ஸ்

ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டத்தில் என் அத்தை வீடு. மாமா அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது இஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்குச் சமையல் என்னோடது" என்று வாய் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கற் நூடில்ஸ், ஒரு கிலோ கோழி, கரட், லீக்ஸ், கோவா. நூடில்ஸை அவித்து வடித்து, ஆவி பறக்க அப்படியே தாச்சியில் கொட்டினேன். கழுவிய மரக்கறியை ஈரத்தோடு அதன் மேலே போட்டேன். கோழி அதற்கும் மேலே. பத்து நிமிடம் கிளறிய பிறகு கிடைத்ததைக் கரண்டியில் அள்ளினால் கரண்டியின் உருவத்திலேயே நின்றது. அத்தை மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டார். மாமா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாட்டாத கொழுந்த ரோலர்ல போட்ட மாதிரி இருக்கு மாப்ள."

கேலிதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தபோது, பௌதிகம் படித்த எனக்குத் தெரியாமல் போனதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று பட்டது. இந்த அத்தியாயம் அந்த ஒரு வரிக்கு நான் எழுதும் உரை.

செடியிலிருந்து கிள்ளி வந்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை நேராக ரோலரில் போட்டால் இலை முறுகாது. கிழியும், சாறு வழியும், கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் இஸ்டோருக்கு வந்த கொழுந்துக்கு முதல் வேலை ஓய்வு. அடியில் கம்பி வலை போட்ட நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழேயிருந்து விசிறியால் காற்றை ஊதுவார்கள். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம். மறுநாள் காலையில் இலை துணிபோலத் துவண்டிருக்கும். உருட்டுவது, புளிக்க விடுவது, சூட்டில் காய்ச்சி எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசியில் தேயிலைத் தூளில் மிஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டியிருக்கிறது. மிச்சம் மூன்றரைக் கிலோவும் காற்றில் போன தண்ணீர். அதில் ஒரு பெரும் பங்கை நெருப்பே இல்லாமல், வெறும் காற்றைக் கொண்டு வெளியேற்றுவதுதான் வாட்டு மாடியின் கெட்டிக்காரத்தனம்.

நெருப்பைக் கொண்டு தண்ணீரை விரட்டுவது எவ்வளவு செலவான காரியம் என்று பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 ஜூல் போதும். மலைநாட்டுக் குழாயில் வரும் 20 பாகைத் தண்ணீர் ஒரு கிராமைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 320 ஜூல் அளவில் முடிந்துவிடும். ஆனால் கொதிக்கும் அந்த ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஏழு மடங்கு! தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கும் விலை இது. மறைவெப்பம் என்று பாடசாலையில் படித்தோமே, அது.

வீட்டுக் கேஸ் அடுப்பின் ஒரு வாய் 2 கிலோவாற்று தரும் என்று வையுங்கள். அதில் பாதி தாச்சியைச் சுற்றிக்கொண்டு கூரைக்குப் போய்விடும். தாச்சிக்குள் சேர்வது வினாடிக்கு 1 கிலோஜூல். அதாவது வினாடிக்கு அரைக் கிராமுக்கும் குறைவான தண்ணீரை ஆவியாக்கலாம். நிமிடத்துக்கு 26 கிராம். அன்றைக்கு என் தாச்சியில் நூடில்ஸோடு ஒட்டி வந்தது, மரக்கறியைக் கழுவியது, கோழியும் கோவாவும் கக்கியது என்று ஒரு தேநீர்க் கோப்பை அளவு, 200 கிராம் தண்ணீராவது உபரியாக இருந்திருக்கும். அது போய் முடிய எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் தாச்சிக்குள் இருப்பவை கொதிநிலையைத் தாண்டிச் சூடேற வழியில்லை. தண்ணீர் இருக்கிற வரைக்கும் வருகிற வெப்பத்தையெல்லாம் தண்ணீரே வாங்கிக்கொள்ளும். நான் பொரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், நடந்தது அவியல்.

கொதிநிலை என்று சொன்னால் எல்லாருக்கும் 100 பாகை ஞாபகம் வரும். அது கொழும்புக்காரர் கணக்கு. கோட்டையில் ஏறிப் பதுளை ரயிலில் வருகிறவர்கள் நிலையப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பலகைகளை வெப்பமானியாகவும் வாசிக்கலாம். உயரம் கூடக் கூட மேலேயிருந்து அழுத்தும் காற்று குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை. இந்தப் பாதையின் உச்சி, பட்டிப்பொலப் பக்கம், 1,898 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதிக்கும். அங்கிருந்து இறக்கம். அப்புத்தளையில் 95, பண்டாரவளையில் 96, எல்லவில் 96.5, தெமோதரையில் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வந்து பதுளையில் நிற்கும்போது 98க்குச் சற்றுக் குறைவு. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில்பாதை அதற்கு மேல் போகவில்லை. நம் வெப்பமானியும் அங்கேயே நிற்கட்டும்.

நாலைந்து பாகையில் என்ன வந்துவிடும்? 1835இல் தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலையைக் கடந்த சார்ல்ஸ் டார்வினின் கூட்டாளிகள் இரவு முழுக்க உருளைக்கிழங்கை அவித்தும் அது வேகவில்லை. பானைக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வேதித் தாக்கங்கள் பல, பத்துப் பாகை குறைந்தால் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். ஐந்து பாகைக்கு ஒன்றரை மடங்கு நேரம் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். அப்புத்தளைப் பக்கம் பருப்பு வேகவில்லை என்று விசிலடிக்கும் குக்கர் வாங்கினவர்கள் ஏமாறவில்லை. உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று சொல்வோரும் உண்டு. ஏறும்தான். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டால் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. உப்பை ருசிக்குப் போடுங்கள், உயரத்தை ஜெயிக்கப் போடாதீர்கள்.

நூடில்ஸுக்கு இந்த உயரம் பெரிய தொந்தரவு தருவதில்லை. காரணம் மாச்சத்தின் குணம். கோதுமை மாச்சத்து மணிகள் 60 பாகையை ஒட்டியே தண்ணீரைக் குடித்து வீங்கத் தொடங்கிவிடும்; 95 பாகை அவற்றுக்குத் தாராளம். பக்கற்றில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்து, ஒரு இழையைக் கடித்து, நடுவில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும்போதே இறக்கிவிட வேண்டும். மிச்ச வேக்காடு தாச்சியில் இருக்கிறது.

லயத்துக் குசினியில் நூடில்ஸ் புதிதாக வந்த ஆள். ஆனால் அதன் மூலப்பொருள் அந்த வீட்டுக்குப் பழைய சொந்தம். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் தட்டிப் போடும் ரொட்டியும் நூடில்ஸும் ஒரே கோதுமை மா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை; கப்பலில் வந்து, 1980இலிருந்து திருகோணமலையின் பிரிமா ஆலை போன்ற இடங்களில் அரைபட்டு மலையேறுகிறது. ரொட்டிக்கு அத்தை மாவைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, துணியால் மூடி வைப்பார். மாவிலுள்ள இரண்டு புரதங்கள், குளூட்டெனின், கிளையடின் என்று பெயர், தண்ணீர் பட்டதும் கைகோத்து வலையாகின்றன. ஒன்று இழுபடத் தருவது, மற்றது வழுக்கத் தருவது. நூடில்ஸ் செய்பவர்கள் அதே மாவுக்கு மிகக் குறைந்த தண்ணீரே விடுவார்கள். பிசுபிசுக்காத அந்த மாவை உருளைகளுக்கிடையே திரும்பத் திரும்பச் செலுத்தித் தகடாக்கி, நூலாக வெட்டி, ஆவியில் காட்டிக் காயவைப்பார்கள். வலையின் இழைகள் ஒரே பக்கமாகப் படிந்துவிடுவதால் ரொட்டிக்கு இல்லாத இழுவை அதற்கு வருகிறது.

சில நூடில்ஸ் முட்டையே சேராமல் மஞ்சளாக இருப்பது ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாகிறதே, அது காரம் பட்ட நிறமியின் வேலை. சீன முறை நூடில்ஸ் மாவில் காபனேற்று உப்புகளைச் சேர்ப்பார்கள். அந்தக் காரம் பட்டதும் கோதுமையில் ஏற்கெனவே நிறமில்லாமல் ஒளிந்திருக்கும் பொருள்கள் மஞ்சளாகின்றன, இழையும் இறுகுகிறது. எல்லாப் பக்கற்றுக்கும் இது பொருந்தாது. சிலவற்றில் இருப்பது வெறும் சாயம். உறையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

உடனடி நூடில்ஸ் கட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கொண்டுவந்த முதல் உடனடி நூடில்ஸின் பெயரே சிக்கன் ராமென். அவர் கண்டுபிடித்தது அடிப்படையில் ஒரு உலர்த்தும் வழி: அவித்த நூடில்ஸைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி வெளியே பாயும்; அது பாய்ந்த வழியெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். பிறகு சுடுதண்ணீர் பட்டதும் அதே துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் சாப்பிட அது நல்லது. தாச்சியில் பிரட்ட அதே குணம் கெடுதல். கோழியும் கோவாவும் விடும் நீரையெல்லாம் உறிஞ்சி ஊறிப்போகும். ஆவியில் அவித்து உலர்த்திய, நீள நீளமான நூடில்ஸையே வாங்குங்கள் என்பது என் கட்சி.

இனி மாமாவின் வரிக்கு வருவோம். வடித்த நூடில்ஸின் மேல் பசைபோல ஒரு படலம் இருக்கும். வீங்கிய மாச்சத்து மணிகளிலிருந்து கசிந்து வந்த அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் அவை. சூடாக இருக்கும்போது அதுதான் ஒட்டும் பசை. வடித்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் அலசினால் அந்தப் பசை போகிறது, வேக்காடும் நிற்கிறது. பிறகு நன்றாக வடியவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, சுளகில் சுத்தமான துணி விரித்துப் பரப்ப வேண்டும். கொழுந்தைத் தொட்டியில் பரப்புகிற மாதிரி, குவிக்காமல். அரை மணி நேரத்தில் இரண்டு காரியம் நடக்கும். மேற்பரப்பு ஈரம் காற்றில் போகிறது. ஒரு சதத்துக்கும் எரிபொருள் செலவில்லை. மற்றது, ஆற ஆற மாச்சத்துச் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. பழைய சோறு விறைத்துப்போவதும் ரொட்டி மாலையில் தோலாகிவிடுவதும் இதே மாற்றத்தால்தான். ரொட்டிக்கு அது சாபம், பிரட்டுகிற நூடில்ஸுக்கு வரம்.

எவ்வளவு நேரம் வாட்டுவது என்பது மாதத்தைப் பொறுத்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. இறங்கும் காற்று அமுக்கப்பட்டு 100 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடாகும். கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். தோலையும் உதட்டையும் காயவைக்கும் இந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனை பிறக்கிறது. வறட்சியில் வாடும் செடி மெதைல் சாலிசிலேற்று என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. மூட்டுவலித் தைலத்தில் அடிக்கும் அதே குளிர்ந்த மணம். ஓகஸ்ட்டில் ஜன்னலோரம் வைத்த நூடில்ஸுக்கு இருபது நிமிடமே அதிகம். கார்த்திகை, மார்கழியில் வடகீழ் பருவமழை பதுளையை நனைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம் வைத்தும் நசநசவென்றிருக்கும்.

அதற்காக ராத்திரி முழுக்க மேசையில் விட்டுவிடாதீர்கள். பசிலஸ் செரியஸ் என்ற பக்ற்றீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாதவை. அவித்த மாப்பொருள் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அழியாத நஞ்சை விட்டுவைக்கும். 1970களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் பொரித்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்துப் படுத்தபோதுதான் இதன் வேலை வெளியே தெரிந்தது. முதல்நாளே அவிப்பதானால் ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குள் இருக்கும் உலர்ந்த குளிரும் நல்ல வாட்டு மாடிதான்.

கோழியும் தண்ணீர்ப் பைதான். எடையில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். சதையில் இருக்கும் மயோசின் என்ற புரதம் 50 பாகையிலேயே சுருளத் தொடங்குகிறது. அப்போது இறைச்சி மென்மையாக இறுகும். 65ஐத் தாண்டினால் அக்ரின் என்ற இன்னொரு புரதமும் இழைகளைச் சுற்றியுள்ள உறைகளும் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சாற்றைப் பிழிந்துவிடும். கிருமி சாக நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும். மென்மைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். அதனால் எலும்பில்லாத தொடைக்கறியை, இழைக்குக் குறுக்காக, விரல் மொத்தத்தில் பாதியாக வெட்டி, கொஞ்சம் சோயா சோஸ், ஒரு கரண்டி சோள மா, சில துளி எண்ணெய் பிரட்டிப் பத்து நிமிடம் வைப்பேன். சோள மா கசிகிற சாற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லிய சட்டையாகிவிடும். கோழியைக் கழுவுவது நம் வீடுகளில் மாறாத பழக்கம். தெறிக்கும் தண்ணீரோடு சல்மொனெல்லா குசினி முழுக்கப் போகும் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ கழுவாத கோழியத் திம்ப, நாங்க திங்க மாட்டோம்பா" என்று முடித்துவிட்டார். சமரசமாக, கழுவியதைத் துணியால் ஒற்றி எடுக்க ஒப்புக்கொண்டார். தாச்சிக்கு அது போதும்.

நாட்டுக்கோழியை இந்தச் சமையலுக்குப் போடவே கூடாது. ஓடித் திரிந்து வயதான சதையில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்பட்டிருக்கும். அவை கரைய மணிக்கணக்கு வேண்டும். குழம்புக்கு அதுதான் ருசி. மூன்று நிமிடத் தாச்சிக்கு ஆறு வாரத்துப் புறொய்லர்தான் சரி. இதை நான் சொல்ல நேர்ந்ததில் எனக்கே வருத்தம்.

மரக்கறி விஷயத்தில் ஊவாக்காரர் கொடுத்துவைத்தவர். வெலிமடை, பொரலந்தை, கெப்பட்டிபொலப் பக்கத்து வயலிலிருந்து காலையில் பிடுங்கிய கரட் மண்ணோடு பின்னேரம் பதுளைச் சந்தைக்கு வந்துவிடும். லீக்ஸ் இல்லாத நூடில்ஸை இலங்கையில் யாரும் நூடில்ஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெங்காயத்தின் தம்பி அது. நறுக்கும்போது உயிரணு உடைந்து நொதியும் கந்தகப் பொருளும் கலந்தால்தான் அந்த மணம் எழும். அதனால் நறுக்கிய பிறகு சில நிமிடம் சும்மா விடுவது நல்லது. கோவாவுக்கு நேர்மாறு. அதை அதிக நேரம் வேகவிட்டால் கந்தகம் முட்டை நாற்றமாக மாறும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டின் மணமே அதுதான்.

வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. துண்டின் நடுவுக்கு வெப்பம் போய்ச் சேரும் நேரம் மொத்தத்தின் வர்க்கத்தோடு கூடும். 3 மில்லிமீற்றர் கரட் கீற்றுக்குச் சுமார் 15 வினாடி; 6 மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்று நினைப்போம், ஆகும் நேரம் நான்கு மடங்கு, ஒரு நிமிடம். அத்தை கரட்டை நூலாகச் சீவுவதைப் பார்த்து, நேரம் போகவில்லையா என்று முன்பு கேலி செய்திருக்கிறேன். வெட்டுப்பலகையில் செலவழித்த நேரத்தை அவர் அடுப்பில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மரக்கறியின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரின் 85 பாகைக்கு மேல்தான் விரைவாகக் கரையும். கீற்று மெல்லியதாக இருந்தால் பச்சை வாடை போவதற்கும் பெக்ரின் தளர்வதற்கும் இடையில் இறக்கிவிடலாம். கடித்தால் நொறுக்கென்று இருக்கும்.

எல்லாம் தயார். தாச்சியை ஏற்றுங்கள், வெறும் தாச்சியை. ஒரு துளி தண்ணீரைத் தெளித்தால் அது சீறிச் சாகாமல், உருண்டு முத்தாக ஓட வேண்டும். துளிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ஆவி மெத்தை உருவாகித் துளியைத் தாங்குகிறது. 1756இல் இதை எழுதிவைத்த ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ரொஸ்ற்றின் பெயரால் இன்றைக்கும் அழைக்கிறோம். தாச்சி 200 பாகையை ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

கனமான இரும்புத் தாச்சி ஒரு சேமிப்பு வங்கி. ஒன்றரைக் கிலோ இரும்பை 250 பாகைக்கு ஏற்றிவைத்தால், அது 100க்கு இறங்கும்போது ஏறக்குறைய 100 கிலோஜூலைத் திருப்பித் தரும். 45 கிராம் தண்ணீரை அடுப்பின் தயவில்லாமலே ஆவியாக்கிவிடும். சீன உணவகங்களுக்கு இந்தச் சேமிப்பு தேவையில்லை. அவர்களது அடுப்பு நம் வீட்டு அடுப்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பம் கக்கும். நாம் சேமிப்பில் வாழ்கிறவர்கள். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு ஆள் சாப்பாட்டுக்கு மேல் தாச்சியில் போடக்கூடாது. ஆறு பேருக்கு ஆறு தடவை. எரிச்சலாக இருக்கும், வேறு வழியில்லை.

கோழி முதலில். பரப்பிவிட்டு ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் அடிப்பக்கம் பொன்னிறமாகும். சர்க்கரையும் அமினோ அமிலமும் 140 பாகையைத் தாண்டிய சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது வாசனைகளைப் பிறப்பிக்கும் இந்தத் தாக்கத்தை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மையார். ரொட்டியின் கருகல் புள்ளியும், இஸ்டோரில் காய்ச்சும் தேயிலையின் வறுத்த மணமும் இதே குடும்பம். ஈரம் இருக்கும்வரை அது வேகம் பிடிப்பதேயில்லை. என் ஞாயிற்றுக்கிழமைக் கோழி வெளுத்துப்போயிருந்தது இதனால்தான். கோழியை எடுத்து வைத்துவிட்டு மரக்கறி, அரை நிமிடம். அதையும் எடுத்துவிட்டு, தாச்சி மறுபடி புகையும்வரை காத்திருந்து, நூடில்ஸ். கடைசியில் மூன்றையும் சேர்த்து, சோயா சோஸை நூடில்ஸின் மேல் ஊற்றாமல் தாச்சியின் சூடான ஓரத்தில் சுற்றி விடுங்கள். இரும்பைத் தொட்டதும் அதன் தண்ணீர் பறந்து, சர்க்கரை கருகத் தொடங்கி, அப்போது எழும் மணத்துக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள்.

தூக்கிப் போட்டுப் பிரட்டுவதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹுங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் சீனச் சமையற்காரர்கள் சோறு பொரிப்பதைப் படம்பிடித்து 2020இல் வெளியிட்டார்கள். வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை தாச்சியைத் தள்ளியும் சாய்த்தும் ஆட்டுகிறார்கள். சோறு காற்றில் பறக்கும் அந்த நொடியில் கொஞ்சம் ஆறி, கருகாமல் தப்புகிறது. பறக்கும்போது ஆவியும் கழன்று போகிறது. தோள்பட்டை வலி அந்தத் தொழிலின் கூலி. நாம் இரண்டு கரண்டியால் நூடில்ஸை உயரத் தூக்கி விட்டால் அதில் பாதிப் பலன் கிடைக்கும். பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் இரவில் கேட்கும் கொத்து ரொட்டிச் சத்தமும் இதே பாடம்தான். அந்த அகன்ற தட்டையான இரும்புக் கல்லில் ஆவி தங்குவதற்கு ஓரமே கிடையாது. ஆழமான பானையில் நூடில்ஸ் செய்கிறவர்கள் ஆவியைப் பிடித்து வைத்து மறுபடி அதற்கே குடிக்கக் கொடுக்கிறார்கள்.

அத்தை வீட்டில் கேஸ் சிலிண்டர் உண்டு. 2022இல் நாடே சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது அது காலியாகக் கிடந்தது, மிலாறுதான் கைகொடுத்தது. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வரும் தேயிலைக் குச்சி. காய்ந்த மிலாறு சுள்ளென்று எரியும். தாச்சியை அது புகையவைக்கிற வேகம் கேஸுக்கு இல்லை. பச்சை மிலாறோ தன் வெப்பத்தில் பெரும் பங்கைத் தன் ஈரத்தை விரட்டவே செலவழித்து, மிச்சத்தைப் புகையாகத் தரும். அந்தப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். புகைபோக்கி இல்லாத லயக் குசினிகளில் அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். நூடில்ஸுக்கு வரும் புகை வாசனையை நான் பெரிதாகக் கொண்டாடாததற்கு அதுவும் ஒரு காரணம். அத்தை மிலாறைக் கட்டி அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிவைத்திருந்தார். அதுவும் வாடிக்கொண்டிருந்தது.

போன ஓகஸ்ட்டில் மறுபடி போனேன். காற்று ஜன்னல் சேலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நூடில்ஸை அவித்து அலசிச் சுளகில் பரப்பிவிட்டு, தாச்சியைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து வந்து ஒரு பிடி நூடில்ஸை அள்ளி, உள்ளங்கையில் வைத்து மெதுவாக அமுக்கிப் பிறகு விரலை விரித்தார். வாட்டு மாடியில் கொழுந்தைச் சோதிப்பது அப்படித்தான். பந்தாகவே ஒட்டிக்கொள்ளவும் கூடாது, படக்கென்று சிதறவும் கூடாது. நிதானமாகப் பிரிய வேண்டும். நாங்கள் எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் பத்து நிமிசம்" என்றார்.

"பிள்ளைங்களுக்குப் பசிக்குது" என்றார் அத்தை.

மாமா நூடில்ஸைத் திரும்பச் சுளகில் போட்டு, விரலால் கோதிப் பரப்பிவிட்டு, ஜன்னலின் மற்றக் கதவையும் திறந்துவிட்டார்.